கன்னத்து மச்சத்தை எடுக்கலாம். அதற்கு முன் அப்பாவின் குதிகாலைக் காட்டுங்கள்

வாசகி ஒருவரின் நீண்ட கடிதம். பெயரையும் ஊரையும் தவிர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு 26 வயது. சென்னையில் வேலை பார்க்கிறார். பெற்றோர் டெல்டா பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். 58 வயது அப்பா நெல் விவசாயி. வாசகியின் இடது கன்னத்தில், மூக்கோரத்து மடிப்பை ஒட்டி, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக மேடான ஒரு மச்சம். ஐந்தாறு வயதிலிருந்து இருக்கிறது. பத்தாம் வகுப்பு வாக்கில் சற்று எழும்பி, நடுவில் இரண்டு முடி முளைத்தது. அதற்குப் பிறகு எந்த மாற்றமும் இல்லை. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தில் "அந்த மச்சத்தை மட்டும் எடுத்துட்டா லட்சணமா இருக்கும்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்றால் அது ஒன்றுதான் கண்ணில் படுகிறது என்கிறார். இப்போது வேறொரு வரன் அமைந்து, இரண்டு மாதத்தில் நிச்சயதார்த்தம்.

அது அதிர்ஷ்ட மச்சம், அதில் கத்தி பட்டால் புற்றாக மாறிவிடும் என்று அம்மா தடுக்கிறார். சுண்ணாம்பையும் சோடாவையும் குழைத்து வைத்தால் தானாக உதிரும் என்கிறார் அத்தை. பக்கத்து பியூட்டி பார்லரில் "லேசர், பத்து நிமிஷம், தழும்பே இருக்காது, 3,500 ரூபாய்" என்கிறார்கள். காது மடலில் இரண்டாவது துளை போட்ட இடத்தில் வாசகிக்கு ஒரு தடித்த கட்டி இருக்கிறது. முகத்திலும் அப்படி வந்துவிடுமோ என்று பயப்படுகிறார். பள்ளி டி.சி.யில் அங்க அடையாளமாக இந்த மச்சத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கல் வருமா என்றும் கேட்கிறார்.

இத்தனையும் எழுதிவிட்டு, கையெழுத்துக்கு மேலே மூன்று வரி: "அப்பாவுக்கும் வலது குதிகாலில் ஒரு கறுப்பு மச்சம், ரெண்டு வருஷமா இருக்கு. இப்ப ஒரு ரூபாய் காசு அளவு ஆயிடுச்சு. கால் ஆணின்னு மெடிக்கல்ல கார்ன் கேப் வாங்கி ஒட்டுறார், அப்பப்ப கசியுது. நான் எடுக்கும்போது அவருக்கும் சேர்த்து எடுத்துடலாமா?"

உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடைசி மூன்று வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இருபது வருஷமாக அப்படியே இருக்கும் உங்கள் மச்சம் இன்னும் ஒரு வருஷம் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. அப்பாவின் கால் இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரின் கண்ணில் பட வேண்டும்.

முதலில் அப்பாவின் பாதம்

மச்சங்கள் பெரும்பாலும் சிறு வயதிலிருந்து முப்பது, நாற்பது வயதுக்குள் வந்துவிடும். ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்குப் புதிதாகத் தோன்றி, இரண்டு வருஷத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு வளர்ந்து, கசியவும் செய்கிற கறுப்புத் திட்டை மச்சம் என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. கால் ஆணி என்றும்தான்.

இது புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்து எந்த மருத்துவரும் அப்படிச் சொல்ல முடியாது. முள்ளோ கல்லோ குத்தித் தோலுக்குள் கட்டிய ரத்தமாக இருக்கலாம். கறுப்புப் புள்ளிகள் கொண்ட மருவாக இருக்கலாம். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு வரும் புண்ணாக இருக்கலாம். ஆனால் இந்தப் பட்டியலில் மெலனோமாவும் இருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் வருகிற புற்றுநோய் அது. ஆரம்பத்தில் வலிக்காது. அதனாலேயே கால் ஆணி, மரு, ஆறாத புண் என்று நினைத்து மாதக்கணக்கில் நாட்களைக் கடத்திவிடுகிறார்கள்.

மெலனோமா வெள்ளைக்காரர்களுக்கு வருகிற நோய் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. நம் தோலில் அது மிகவும் அபூர்வம். ஆனால் வரும்போது, வெயில் படாத இடங்களில்தான் அதிகம் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் கட்டைவிரலின் நகத்துக்கு அடியில் இருந்தது இதுதான் என்று கண்டுபிடித்தார்கள். கால்பந்து விளையாடியபோது பட்ட அடி என்று முதலில் நினைத்திருந்தார்கள். 1981-ல், 36 வயதில் அவர் இறந்தார்.

மருத்துவர் என்ன செய்வார் என்று தெரிந்தால் அப்பாவுக்குப் பயம் குறையும். முதலில் மேலே இருக்கும் தடித்த காய்ப்பை மெல்லச் சீவிப் பார்ப்பார். உறைந்த ரத்தமாக இருந்தால் அப்போதே சீவலோடு கறுப்பும் போய்விடும். அப்புறம் டெர்மோஸ்கோப் என்ற விளக்கு வைத்த உருப்பெருக்கியை வைத்துப் பார்ப்பார். பாதத்துத் தோல் கைரேகை போல வரப்பும் வாய்க்காலுமாக இருக்கும். சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் வாய்க்காலில் ஓடும். மெலனோமாவின் நிறம் வரப்பில் ஏறி நிற்கும். வயலில் நிற்கிற மனிதர், இப்படிச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். இடுப்புக்குக் கீழே தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தொட்டுப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டு, சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். அதுதான் பயாப்ஸி.

பயாப்ஸி எடுத்தால் நோய் பரவிவிடும் என்று ஊரில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். அது தவறு. பரவுவதும் பரவாததும் கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. அந்த ஆழத்தை மில்லிமீட்டரில் அளப்பதற்கே பயாப்ஸி வேண்டும். 1970-ல் பிரெஸ்லோ என்ற நோயியல் மருத்துவர் சொன்ன அளவு இது. இன்றும் சிகிச்சையை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் குணமாகி விடுகிறார்கள். ஆழம் கூடக் கூட அந்த வாய்ப்பு குறைகிறது. "அறுவடை முடியட்டும், கல்யாணம் முடியட்டும்" என்று அப்பா தள்ளிப்போட்டால், எனக்கு இருக்கும் கவலை இந்த ஒன்றுதான் என்று சொல்லுங்கள்.

அதுவரை கார்ன் கேப் ஒட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அதில் இருப்பது தோலை அரிக்கும் அமிலம். பிளேடால் சீவுவதும் வேண்டாம். யாராக இருந்தாலும் லேசரோ காடரியோ வைத்து அதைச் சுட விடாதீர்கள். சுட்டுவிட்டால் பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது, அடியில் இருப்பது அடியிலேயே வளரும்.

சென்னைக்கு அழைத்து வர வேண்டிய அவசியமில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, அருகில் இருக்கும் வேறு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தோல் பிரிவுக்குப் புறநோயாளிச் சீட்டு வாங்கினால் போதும். ஒருவேளை சிகிச்சை தேவைப்பட்டால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குடும்பத்துக்கு அந்த அட்டை இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

கத்தி பட்டால் புற்றாகுமா?

ஆகாது. இப்போது உங்கள் கன்னத்துக்கு வருகிறேன். மச்சம் என்பது நிறமிச் செல்கள் ஓரிடத்தில் கூடியிருப்பது. அதை வெட்டுவதால், முடியைக் கத்தரிப்பதால், நகம் பட்டுக் கீறுவதால் அது புற்றாக மாறுவதில்லை. இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று ஊகிக்க முடிகிறது. ஏற்கெனவே புற்றாக இருந்ததை மச்சம் என்று நினைத்து யாரோ அரைகுறையாக வெட்டியிருப்பார்கள். அது திரும்ப வளர்ந்து ஆளைக் கொன்றிருக்கும். பார்த்தவர்கள் பழியைக் கத்தியின் மேல் போட்டிருப்பார்கள். அம்மாவின் பயத்துக்குப் பின்னால் அப்படி ஏதாவது ஒரு குடும்பக் கதை இருந்தாலும் இருக்கும். கேட்டுப் பாருங்கள். யாருக்கு, எந்த இடத்தில் என்று தெரிந்தால் மருத்துவரிடமும் சொல்லுங்கள், அது பயனுள்ள தகவல்.

சிறு வயதிலிருந்து இருப்பது, ஒரே நிறம், ஒழுங்கான ஓரம், மேடு, நடுவில் முடி என்று நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் நிறமிச் செல்கள் தோலின் உள் அடுக்கில் தங்கியிருக்கும் சாதாரண மச்சத்துக்குப் பொருந்துகிறது. வயசுக்கு வரும் காலத்தில் மச்சம் கொஞ்சம் எழும்புவதும் இயல்பு. மருத்துவக் காரணத்துக்காக இதை எடுக்க வேண்டியதில்லை. விருப்பத்துக்காக எடுக்கலாம். அந்த விருப்பத்துக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம். ஆனால் அது உங்கள் விருப்பமா, பெண் பார்க்க வந்துவிட்டுப் போன ஒருவரின் வாய்ச்சொல்லா என்று ஒரு முறை யோசியுங்கள். அந்த ஆள் சொல்வதற்கு முன்னால் சுமார் இருபது வருஷம் இந்த மச்சம் உங்களை உறுத்தவில்லை. நிச்சயமான மாப்பிள்ளை வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசியதாகவும் நீங்கள் எழுதவில்லை.

அதிர்ஷ்டத்தைப் பற்றி அம்மாவோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. அவர் ஆசையாகப் பார்த்து வளர்த்த முகம் அது. புற்று பயம் நீங்கினால் மற்றதை நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

லேசரா, கத்தியா?

அத்தையின் யோசனையை முதலில் ஒதுக்குங்கள். சுண்ணாம்பும் சோடாவும் சேர்ந்தால் கடுமையான காரம். அது மச்சத்தோடு நிற்காமல் சுற்றியிருக்கும் தோலையும் ஆழமாக வேகவைக்கும். மச்சம் போய், அந்த இடத்தில் குழியோ தடித்த தழும்போ வந்த பிறகு எங்களிடம் வருகிறவர்கள் உண்டு. குதிரை முடி கட்டுவதும், அம்மான் பச்சரிசிப் பால் வைப்பதும் மருவுக்கும் பாலுண்ணிக்கும் ஊரில் செய்கிற வைத்தியம். மச்சத்துக்கு அதைச் செய்து பார்க்காதீர்கள்.

பார்லரில் செய்ய வேண்டாம் என்று நான் சொல்வது அவர்கள் கை சுத்தமில்லை என்பதால் மட்டும் இல்லை. எடுக்கப் போவது மச்சம்தானா என்று சொல்லும் படிப்பு அவர்களுக்கு இல்லை. அவர்கள் லேசர் என்று சொல்வது பல இடங்களில் சூடு வைக்கும் காடரிக் கருவி. எதுவாக இருந்தாலும் மச்சம் ஆவியாகிவிடும், பரிசோதனைக்கு அனுப்ப எதுவும் இருக்காது. தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது பட்டயம் படித்து, மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரிடம் போங்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

உங்கள் மச்சத்துக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தோல் மட்டத்துக்குச் சீவி எடுப்பது. மரத்துப்போகும் ஊசி போட்டு, பிளேடாலோ ரேடியோ அலைக் கருவியாலோ மேட்டைச் சீவி, அடியைச் சமன் செய்வார்கள். தையல் கிடையாது. ஊசி போடும் அந்தச் சில நொடி எரிச்சல்தான் வலி. இதில் ஒரு குறை உண்டு: வேர் உள்ளே இருப்பதால் சில மாதம் கழித்துப் பழுப்பு நிறமோ, அந்த இரண்டு முடியோ திரும்ப எட்டிப் பார்க்கலாம். அது ஆபத்தில்லை. ஆனால் திரும்ப வந்த மச்சம் உருப்பெருக்கியில் மெலனோமா போலத் தோன்றி மருத்துவர்களைக் குழப்பக்கூடியது. அதனால் முதல் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று, இலை வடிவத்தில் முழுதாக வெட்டித் தைப்பது. திரும்ப வராது, முடியும் போய்விடும். தழும்பு ஒரு கோடாக விழும், அந்தக் கோடு மச்சத்தைப் போல் சுமார் மூன்று மடங்கு நீளம் இருக்கும். கேட்கப் பெரிதாகத் தோன்றினாலும், உங்களுக்கு மச்சம் மூக்கோர மடிப்பை ஒட்டி இருப்பதால் அந்த மடிப்பிலேயே கோட்டை ஒளிக்க வாய்ப்பிருக்கிறது. முகத்துத் தையலை 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். நேரில் பார்க்காமல் எது சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டையும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

எந்த வழியாக இருந்தாலும் எடுத்த சதையை, அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். "பார்த்தாலே தெரிகிறது, தேவையில்லை" என்று சொன்னாலும் கேட்டு வாங்குங்கள். என் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிகிற மச்சத்தையும் நான் அனுப்பத்தான் செய்கிறேன்.

தழும்பும் தேதியும்

"தழும்பே இருக்காது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தோலின் உள் அடுக்கு வரை போனால் ஏதாவது ஒரு தடம் இருக்கும். அது மச்சத்தைவிடக் கண்ணில் குறைவாகப் படுமா என்பதுதான் கேள்வி.

காது மடல் கட்டியைப் பற்றி எழுதியது நல்லது. அது கீலாய்டாக இருக்கலாம், அதாவது காயம் ஆறியபின் தழும்பு எல்லை தாண்டி வளர்வது. அந்தச் சுபாவம் உள்ளவர்களுக்குக் காது, நெஞ்சு, தோள், தாடையோரம் ஆகிய இடங்களில்தான் அதிகம் வரும். கன்னத்தின் நடுப்பகுதியில் அவ்வளவாக வராது, ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. மருத்துவர் கேட்காவிட்டாலும் காதைக் காட்டுங்கள். வேறு தடுப்பூசித் தழும்போ அம்மைத் தழும்போ தடித்திருந்தால் அதையும் காட்டுங்கள். தடிப்பு ஆரம்பிக்கும்போதே ஸ்டீராய்டு ஊசியும் சிலிக்கான் ஜெல்லும் கொடுத்தால் பெரும்பாலும் அடக்கிவிடலாம், முற்றிய பிறகு கஷ்டம்.

நிச்சயதார்த்தத்துக்கு முன் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பொருக்கு ஒரு வாரம், பத்து நாளில் உதிர்ந்துவிடும். ஆனால் அடியில் வரும் புதுத் தோல் முதலில் சிவந்து, பிறகு நம் நிறத்துக்கு வழக்கமாகக் கறுக்கும். அது மங்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம், தழும்பு முழுதாக அடங்க ஒரு வருஷம்கூட ஆகும். இரண்டு மாதத்தில் மேடையில் நிற்கும்போது மச்சத்தைவிட அந்தக் கறுப்புத்தான் தெரியும். எடுத்த பிறகு வாசலின் தடவி ஈரமாக வைத்திருப்பது, பொருக்கைப் பிய்க்காமல் இருப்பது, ஆறியதும் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் போடுவது, இவை போதும். பச்சைக் காயத்தில் மஞ்சள் பூச வேண்டாம்.

டி.சி.யும் உங்கள் உரிமையும்

அங்க அடையாளம் பற்றிய கேள்வி சின்னதாகத் தோன்றலாம். ஆனால் பலர் இதற்குப் பயந்தே மச்சத்தை விட்டுவைக்கிறார்கள். டி.சி.யில் வழக்கமாக இரண்டு அடையாளங்கள் எழுதுவார்கள். மற்றது என்ன என்று எடுத்துப் பாருங்கள், அது உங்கள் உடம்பில்தான் இருக்கிறது. மச்சத்தை எடுக்கும் முன் முகத்தைத் தெளிவாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு, எந்தத் தேதியில், எந்த இடத்தில் இருந்த மச்சம் அகற்றப்பட்டது, அங்கே இப்போது என்ன தழும்பு இருக்கிறது என்று மருத்துவரிடம் பதிவு எண்ணும் முத்திரையும் போட்ட சான்று வாங்குங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டோடு சேர்த்து, சரிபார்ப்புக்குப் போகும் ஃபைலில் அதையும் வையுங்கள். ஆள் யார் என்று உறுதி செய்யப் போட்டோ, கையெழுத்து, ஆதாரின் கைரேகை, கருவிழி என்று இன்று மச்சத்தைவிட உறுதியான வழிகள் இருக்கின்றன.

ஆவணங்களைக் கேட்கத் தயங்காதீர்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், எந்த முறை, என்ன தழும்பு வரலாம், திரும்ப வருமா என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்பதும் உங்கள் உரிமை. அழகுக்காக எடுப்பதற்குத் தனியார் மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. அதனால் பயாப்ஸிக் கட்டணத்தையும் சேர்த்து மொத்தச் செலவை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போங்கள். அப்பாவின் காலைக் கழுவித் துடைத்து, அந்தத் திட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். மற்றப் பாதத்தையும், விரல் இடுக்குகளையும், இருபது நகங்களையும் பாருங்கள். திங்கட்கிழமை காலையில் சீட்டு வாங்கும்போது கூடவே நில்லுங்கள். "கால் ஆணிதான்" என்று அவர் முந்திக்கொண்டு சொல்வதற்குள் "ரெண்டு வருஷமா வளருது, கசியுது" என்று நீங்கள் சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட் வந்ததும், அது எதுவாக இருந்தாலும், எனக்கு எழுதுங்கள்.